உப்புநீரா, சிலிகோனா?

புற்றுநோயினால் மார்பகத்தை இழந்த ஒரு பெண்ணுக்கு, அவ்விடத்தில் ஒரு பையை வைத்து மார்பின் வடிவை மீட்டுத்தர அறுவை மருத்துவரால் முடியும். “உப்புநீர்ப் பையா, சிலிகோன் பையா?” என்று அவர் கேட்கும்போது பலர் திகைத்துப் போகிறார்கள். இவ்விரண்டையும் இன்று நாம் சீர்தூக்கிப் பார்ப்போம்.

இரண்டுக்கும் மேலுறை சிலிகோன்தான். உள்ளே இருப்பதில்தான் வேறுபாடு. சிலிகோன் பையில் கூழ் போன்ற பொருள் இருப்பதால், தொட்டால் இயற்கையான சதையைப் போல் மென்மையாக இருக்கும். உப்புநீர்ப் பை சற்று இறுக்கமாக இருக்கும். மெலிந்த உடலில் அதன் சுருக்கங்கள் வெளியே தெரியவும் கூடும்.

அப்படியானால் சிலிகோனே மேல் என்று சொல்லிவிடலாமா? பை கிழிந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். உப்புநீரை உடல் தீங்கின்றி உறிஞ்சிக்கொள்ளும்; மார்பு சில நாள்களில் சுருங்கி, நடந்ததை நமக்குத் தெரிவித்துவிடும். சிலிகோன் பையோ கிழிந்தாலும் வெளியே தெரியாமலே இருக்கக்கூடும். ஆகவேதான், அதை வைத்த 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் முறையும், பிறகு 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் கூறியது.

எந்தப் பையும் ஆயுள் முழுவதும் உழைக்கும் என்று எண்ணலாகாது. மறு அறுவை தேவைப்படலாம். எனவே, எது மென்மை என்பதோடு, தவறாமல் பரிசோதனைக்குச் செல்ல முடியுமா, அச்செலவைத் தாங்க இயலுமா என்பதையும் எண்ணிப் பார்ப்போம். பையே வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். மருத்துவரிடம் கேட்கக் கூச்சம் வேண்டா.