மணியனுக்கு ஒரு அலகு

பரந்தனுக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில், குடும்பத்தைத் தலைமை தாங்கும் பெண்களின் வீடுகளுக்கு மாதத்தில் இரண்டு தடவையாவது நான் போய்வருவதுண்டு. சுயதொழில் கடன், காணிப் பத்திரம், பிள்ளைகளின் படிப்பு, காணாமல் போனவர்களுக்கான விண்ணப்பம் என்று கதைக்க விடயங்கள் நிறைய இருக்கும். 2023ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு நாள், அறுபது வயதை எட்டிய ஒரு அம்மா இவற்றில் எதையும் எடுக்கவில்லை. "பிள்ளை, மணியன் தண்ணி வாளிக்குள்ளை தலையை விட்டுக் குடிச்சபடி. எனக்குச் சலரோகம் துவங்கேக்கையும் இப்பிடித்தான் தாகம். அவனுக்கும் அதுதானோ?" என்று கேட்டார்.

மணியன் அவருடைய கடுவன் பூனை. முகாமிலிருந்து மீள்குடியேறி, வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்த பிறகு, 2013இல் குட்டியாக வந்து சேர்ந்தவன். கணவரை 2009இல் இழந்து, ஒரே மகளையும் வவுனியாவில் கட்டிக்கொடுத்துவிட்ட அந்த வீட்டில், அம்மா சாப்பிடும்போது கூட இருந்து சாப்பிடும் சீவன் அவன் ஒருவன்தான்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்தது. 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது மனிதருக்கே மருந்து கிடைக்காமல் நாடு அல்லாடியதைப் பார்த்தவள் நான். பல்கலைக்கழகத்தில் மனிதத் தேவைகளின் படிநிலை என்று ஒரு முக்கோணம் கீறிப் படிப்பித்தார்கள். அதில் எந்தப் படியிலும் பூனை இருக்கவில்லை. ஆனால் மணியனைக் கிட்டப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு கிலோவுக்குக் குறையாமல் இருந்தவன், நன்றாகத் தின்றும், முதுகெலும்பு தெரிய மெலிந்து போயிருந்தான். பின்னங்கால்களின் குதி நிலத்தில் படும்படி, பதிந்து பதிந்து நடந்தான். நீரிழிவு நரம்பைத் தாக்கும்போது பூனைகள் அப்படி நடக்கும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

கடகத்துக்குள் வைத்து, மேலே துணி கட்டி, பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதரில் வளர்ந்தவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது என்றார். நலமடித்த கடுவனுக்கும், பருத்துப்போய் ஓடியாடாமல் கிடப்பதற்கும், வயது போனதற்கும் வாய்ப்பு அதிகம். மணியனுக்கு மூன்றும் பொருந்தியது. பயந்த பூனைக்கு நோய் இல்லாமலே சீனி 300க்கு மேல் ஏறலாம் என்பதால், இரத்தத்தை மட்டும் நம்பாமல் சிறுநீரையும் சோதித்த பின்தான் முடிவு சொன்னார். காலையும் மாலையும், 12 மணித்தியால இடைவெளியில், கிளார்ஜின் இன்சுலின் 1 அலகு.

அம்மா தனக்குக் காலையில் போடுவது 24 அலகு. "ஒரு அலகோ? அது ஊசியிலை ஒட்டுறதுக்கும் காணாதே," என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. 1 அலகு என்பது ஒரு மில்லிலீற்றரின் நூறில் ஒரு பங்கு. பூனையின் அளவுகள் அவ்வளவு சிறியவை என்பதாலேயே பிழைகளும் பெரிதாகிவிடுகின்றன. மனிதருக்கான இன்சுலின் போத்தலில் வழக்கமாக ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு இருக்கும். மிருகங்களுக்கென்று வரும் சில இன்சுலின்களில் 40 அலகுதான். 40க்கு உரிய சிறிஞ்சில் 100 போத்தலை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். போத்தலையும் சிறிஞ்சையும் பக்கத்தில் வைத்து இரண்டிலும் ஒரே இலக்கம் உள்ளதா என்று பார்த்த பிறகே இழுக்க வேண்டும்.

ஊசி போடுவது அம்மாவுக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை. மணியன் தின்னத் தொடங்கியதும் முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கிப் போட்டுவிடுவார். அவன் தலையை நிமிர்த்துவதும் இல்லை. காதின் ஓரத்து நரம்பில் சிறு குத்துக் குத்தி, தன்னுடைய குளுக்கோமீற்றரிலேயே சீனி பார்க்கவும் பழகிவிட்டார். காதை முதலில் கையால் சூடாக்க வேண்டும், பின்பக்கம் பஞ்சு பிடிக்க வேண்டும். மனிதரின் மீற்றர் பூனைக்குச் சற்றுக் குறைத்தே காட்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனாலும் போக்கைப் பார்க்க அது போதும்.

பிழை அதற்குப் பிறகுதான் வந்தது. முதல் மூன்று நாட்களும் காலை ஊசிக்கு முன் 380, 365, 390 என்று காட்டியது. நாலாம் நாள் அம்மா தானாகவே 2 அலகு போட்டார். ஆறாம் நாள் 3. இதற்கிடையில், கிளினிக்கில் தனக்குச் சொல்லும் புத்தியை மணியனுக்கும் எடுத்து, சோற்றை ஒரேயடியாக நிறுத்தி அவித்த மீனை மட்டும் வைத்தார். எட்டாம் நாள் பதினொரு மணியளவில் எனக்குப் போன் வந்தது. "பிள்ளை, கால் பின்னுது, தலை ஆடுது, கூப்பிட்டாலும் பாக்கிறானில்லை."

மீற்றரில் 41. நல்ல காலம், வைத்தியர் முதல்நாள் சொன்னவற்றில் ஒன்று அவருக்கு மறக்கவில்லை. சீனிப் பாகை விரலில் தொட்டு முரசில் பூசினார். மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, சுவாசப்பைக்குள் போய்விடும். வலிப்பு வந்தால் விரலையும் வாய்க்குள் விடக் கூடாது. கால் மணித்தியாலத்தில் மணியன் தலையைத் தூக்கினான், பிறகு மீனும் தின்றான். போட்ட இன்சுலின் இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருப்பதால் சீனி மீண்டும் விழலாம், பக்கத்தைவிட்டு விலகாதீர்கள், மாலை ஊசி வேண்டாம், நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்று வைத்தியர் போனில் சொன்னார்.

நான் அன்று பின்னேரம் போனபோது கோபத்துடன்தான் போனேன். "கேட்காமல் ஏன் கூட்டினீங்கள், அம்மா?" என்று கேட்டேன். அவர் அடுப்படி வாசலில் இருந்தபடி சொன்னார்:

"எங்கடை அம்மாவுக்கும் சலரோகம். 2009இலை மாத்தளனிலை இருக்கேக்கை கடைசிப் போத்தலை ஈர மணல் போட்ட பானைக்குள்ளை வைச்சிருந்தனாங்கள். முடிஞ்சிடும் எண்ட பயத்திலை 20 போடுற இடத்திலை 10 போட்டன். பிறகு 5 போட்டன். போத்தல் முடிஞ்சு பத்து நாளுக்குள்ளை அம்மா போயிட்டா. இப்ப போத்தல் நிறைய மருந்து இருக்கு. 390 எண்டு காட்டேக்கை என்ரை கை சும்மா இருக்குமோ, பிள்ளை?"

ஆற்றுப்படுத்தல் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவள் நான். எனக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மிருக வைத்தியர் ஏசவில்லை. ஒரு கடுதாசியை எடுத்துக் கோடு கீறிக் காட்டினார். இன்சுலின் அளவை மாற்றினால் அதன் முழுப் பலனும் தெரிய ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை எடுக்கும். நாலாம் நாள் கூட்டுவது, முதல் மருந்து தன் வேலையை முடிக்க முன்னரே அடுத்ததை ஏற்றுவதாகும். அதைவிட முக்கியமாக, காலையில் காட்டும் உயர்ந்த இலக்கத்தை மட்டும் வைத்துக் கூட்டவே கூடாது. ஊசி போட்ட பிறகு அந்த நாளில் சீனி எவ்வளவு தாழ்வுக்கு இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். காலையில் 390 இருந்த பூனையே மதியத்தில் 41இல் விழுந்து கிடந்ததே! சோற்றைக் குறைப்பது பூனைக்கு நல்லதுதான், அது இயல்பிலேயே இறைச்சி தின்னும் பிராணி. ஆனால் மாப்பொருள் குறைந்தால் தேவைப்படும் இன்சுலினும் குறைந்துவிடும். சாப்பாட்டை மாற்றுவதானால் அதையும் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மருந்தைக் கூட்டி மறுபக்கம் சோற்றை நிறுத்தியதால் இரண்டும் சேர்ந்து மணியனை விழுத்தியிருந்தன.

மறுபடியும் 1 அலகில் தொடங்கினோம். ஒரு கிழமை அம்மா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அந்தக் கிழமைதான் அவருக்கு மிகவும் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நாளுக்கு இரண்டு தடவை போன் எடுப்பார். "340 பிள்ளை, கூட்டட்டோ?" "இல்லை அம்மா, சனிக்கிழமை பார்ப்பம்."

சனிக்கிழமை நானும் போய் அங்கேயே நின்றேன். காலை ஊசிக்கு முன்னும், பின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையுமாக மாலை வரை பார்த்தோம். ஏழு மணிக்கு 340, ஒன்பதுக்கு 290, பதினொன்றுக்கு 215, ஒரு மணிக்கு 170, மூன்றுக்கு 185, ஐந்துக்கு 250, மாலை ஏழுக்கு 325. மணியன் ஏழாவது குத்துக்கு மட்டும் உறுமினான். வைத்தியரின் அறையில் இவ்வளவும் பார்த்திருந்தால் பயத்தில் ஏறிய சீனி எது, நோயில் ஏறியது எது என்று பிரித்திருக்க முடியாது. இலக்கங்களைப் போனில் வாசித்தேன். ஆகக் குறைந்தது 170, இடம் இருக்கிறது, அரை அலகு கூட்டுங்கள் என்றார். அரை அலகுக் கோடு போட்ட சிறிய சிறிஞ்சு தேடி மூன்று பாமசி ஏறி இறங்கினேன். அடுத்த சனிக்கிழமை ஆகக் குறைந்தது 120. அதோடு நிறுத்தச் சொன்னார். 80க்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் உடனே அறிவிக்கச் சொன்னார்.

இந்த இலக்கங்கள் மணியனுடையவை. உங்கள் வீட்டுப் பூனைக்கு அதன் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எந்தப் பூனைக்கும் பொருந்தும் இரண்டு விடயங்களை அம்மா சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார். பூனை சாப்பிடாவிட்டாலோ சத்தி எடுத்தாலோ கேட்காமல் ஊசி போடுவதில்லை. ஊசி உள்ளே போனதா, மயிரில் சிந்தியதா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை போடுவதில்லை. ஒரு வேளை தவறினால் சீனி கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரண்டு தடவை போனால் உயிர் போகலாம்.

ஊரில் கதை இல்லாமல் இல்லை. "மனிசர் ஊசியில்லாமல் செத்த இடத்திலை பூனைக்கு இன்சுலின் போடுகினம்" என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மணியன் இப்போது நாலரைக் கிலோ. பின்னங்கால்கள் பழையபடி நிமிர்ந்துவிட்டன. ஆரம்பத்திலேயே ஒழுங்காகப் பார்த்தால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு என்று வைத்தியர் சொன்னார். மணியனுக்கு அது இன்னும் நடக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. திகதி, நேரம், சீனி, அலகு, தின்ற அளவு என்று ஒழுங்காகக் கோடு போட்டது. அதைப் பார்த்த ஒரு நாள், "உங்கடை சீனியை எங்கை எழுதுறீங்கள், அம்மா?" என்று கேட்டேன். கிளினிக்குக்கு மூன்று மாதமாகப் போகவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. பக்கத்தை நடுவில் பிரித்து அவருக்கும் ஒரு நிரல் கீறிக் கொடுத்தேன். போன கிழமை போனபோது புரட்டிப் பார்த்தேன். மணியனின் பக்கம் ஒரு நாளும் தவறாமல் நிறைந்திருந்தது. அம்மாவின் பக்கத்தில் செவ்வாயும் வியாழனும் வெறுமையாக இருந்தன.

"அண்டைக்கு மறந்துபோனன், பிள்ளை," என்றார். "ஆனா அவனுக்குப் போட்டனான்."