சிக்னலில் திணறும் வண்டி

பச்சை விழுகிறது. முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் அரை நொடிக்கு எதுவுமே நடப்பதில்லை. பிறகு ஒரு வெட்டு வெட்டிவிட்டு வண்டி பாய்கிறது. அதே வண்டியை பைபாஸில் எழுபதில் ஓட்டினால் ஒரு குறை சொல்ல முடியாது. “மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே” என்று மெக்கானிக்கிடம் விட்டால் முதலில் பிளக் மாறும், அடுத்து பெட்ரோல் ஃபில்டர், அதற்கும் அடுத்து “ஏதோ சென்சார் போயிருக்கும் சார்”. பணம் கரையும், திணறல் அப்படியே இருக்கும்.

‘மெதுவாகப் போகும்போது மட்டும்’ என்பதுதான் இந்தப் புகாரில் முதல் துப்பு. பலரும் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ, அதிகப் பெட்ரோல் தேவைப்படும் நேரத்தில்தான் காட்டிக்கொடுக்கும். மேட்டில், ஓவர்டேக்கில் வண்டி இழுக்காமல் படுக்கும். வேகத்தில் சுகமாக ஓடும் வண்டியில் அவற்றைச் சந்தேகிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மெதுவில் மட்டும் ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 150 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கிறது. நொடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று முறை. ஒவ்வொரு முறையும் இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோல் ஏறக்குறைய 4 மில்லிகிராம்தான். அதற்காக அது திறந்திருப்பது 2 மில்லிசெகண்ட் அளவு. அதிலும் பாதி, உள்ளே இருக்கும் ஊசியை மின்காந்தம் தூக்குவதற்கே போய்விடுகிறது. முழுக்க முறுக்கினால் பெட்ரோல் 10 மில்லிகிராமைத் தாண்டும். எங்கோ ஒரு கோளாறால் அரை மில்லிகிராம் குறைகிறது என்றால், வேகத்தில் அது இருபதில் ஒரு பங்கு. ஐட்லிங்கில் எட்டில் ஒரு பங்கு. எஞ்சின் முன்னதைப் பொறுத்துக்கொள்ளும், பின்னதில் திணறும். ஊசியைத் தூக்க எடுக்கும் நேரம் மின்னழுத்தம் குறையக் குறைய நீளும் என்பதால், தளர்ந்த பேட்டரியும் பாசி படிந்த எர்த் வயரும்கூட இந்தப் பட்டியலில் வந்துவிடுகின்றன.

காற்றின் கதையும் இதுவே. ஆக்ஸிலரேட்டரைத் துளி மட்டும் திறந்திருக்கும்போதுதான் த்ராட்டில் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உறிஞ்சல் மிக அதிகம். அங்கே இருக்கும் இன்லெட் ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். தெரிந்துகொள்ளச் செலவில்லை. ஐட்லிங்கில் விட்டு, ரப்பரைச் சுற்றித் தண்ணீரை ஸ்ப்ரே செய்தால், வெடிப்பு இருக்கும் இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும். சிலர் இதற்கு கார்புரேட்டர் கிளீனரைத் தெளிக்கிறார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீயோடு விளையாட்டு.

எப்போது திணறுகிறது என்பது அடுத்த கேள்வி. ஒரே சீராகப் பிடித்திருக்கும்போதா, முறுக்கும் கணத்திலா, விட்டுப் பிடிக்கும்போதா? மூன்றும் மூன்று நோய்.

முறுக்கும் கணம்தான் சுவாரஸ்யமானது. தெளிக்கப்படும் பெட்ரோல் முழுவதும் ஆவியாகி சிலிண்டருக்குள் போய்விடுவதில்லை. ஒரு பகுதி குழாயின் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. தகடு சட்டென்று திறந்ததும் காற்று உடனே பாய்கிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, ஆவியாதல் குறைகிறது, சுவர்ப் படலம் தடிக்கிறது. சிலிண்டருக்குச் சேர வேண்டிய பெட்ரோலில் ஒரு பங்கைச் சுவர் விழுங்கிவிடுகிறது. ஈசியு என்ற சிறு கணினி இதை முன்கூட்டியே அறிந்து, அந்தக் கணத்தில் கூடுதலாகத் தெளிக்கிறது. அதற்குச் சேதி சொல்வதில் முக்கியமானது த்ராட்டில் சென்சார். ஐந்து வோல்ட் வாங்கி, மூடிய நிலையில் பெரும்பாலும் அரை வோல்ட்டை ஒட்டியும், முழுக்கத் திறந்தால் நான்கைத் தாண்டியும் திருப்பித் தரும். உள்ளே தேயும் பட்டை இருக்கும் வகை என்றால் நகர ஓட்டத்தில் அதே முதல் பத்து சதவீதத்தில்தான் நாள் முழுக்க உரசுகிறது. முதலில் தேய்வதும் அங்கேதான். மல்டிமீட்டரை வைத்து ஆக்ஸிலரேட்டரை மிக மெதுவாக முறுக்கிப் பார்க்க வேண்டும். எண் படிப்படியாக ஏறாமல் நடுவில் ஒரு இடத்தில் விழுந்து எழுந்தால் பிடிபட்டது. மீட்டரில் செக் லைட் எரியாமல் இருப்பது நற்சான்றிதழ் அல்ல. சென்சார் தன் எல்லையை விட்டு வெளியே போனால்தான் பெரும்பாலும் விளக்கு எரியும். எல்லைக்குள் இருந்தபடி தப்பு சொன்னால் எரியாது.

சீராகப் பிடித்திருக்கும்போதே ஏறி இறங்குகிறது என்றால் த்ராட்டில் பாடியில் படிந்த கரியையும், ஐட்லிங் காற்று வழியையும் பாருங்கள். தகடு மூடும் விளிம்பில் கரி படிந்தால் அந்தச் சின்ன இடைவெளி குறுகிவிடும். துடைக்கலாம், சுரண்டக் கூடாது. தொழிற்சாலையில் வைத்த ஸ்டாப்பர் ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. வண்டி குளிரில் மட்டும் திணறினால் எஞ்சின் வெப்ப சென்சார், சூடான பிறகு மட்டும் என்றால் வால்வு இடைவெளி. வால்வு இறுகி முழுக்க மூடாமல் இருந்தால், மெதுவான சுற்றில் கம்ப்ரஷன் கசிய நேரம் தாராளமாகக் கிடைக்கிறது.

டேங்கை விளிம்புவரை நிரப்பும் பழக்கம் உண்டா? இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா ஒன்று இருக்கிறது. அதில் திரவப் பெட்ரோலே இறங்கிவிட்டால், ஆவி மெதுவில் அளவுக்கு மீறி எஞ்சினுக்குள் போகும். பங்கில் நிரப்பிய கையோடு திணறல் தொடங்குகிறது என்றால் பெட்ரோலைத் திட்டுவதற்கு முன் டப்பாவைப் பார்க்கலாம்.

விட்டுப் பிடிக்கும்போது வரும் வெட்டு பல சமயம் நோயே அல்ல. ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் ஈசியு பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். மறுபடி திறக்கும்போது தெளிப்பு திடீரென்று தொடங்கும். செயின் தொய்ந்திருந்தால் அந்தத் தொய்வு இறுகும் அடியும் சேர்ந்துகொள்ளும். எஞ்சினைக் குற்றம் சொல்லிக் கழற்றிய வண்டிகளில் சில, செயினை இறுக்கியிருந்தாலே தீர்ந்திருக்கும். மைலேஜ் ஆசையில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கே நான்காவது கியரைப் போடுவது இன்னொரு காரணம். அதற்கு எந்த சென்சாரும் பொறுப்பல்ல.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்து, புதிய பைக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கார்புரேட்டர் போய்விட்டது. சைலன்சருக்குள் இருக்கும் வினையூக்கி சரியாக வேலை செய்ய, ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தை ஒட்டியே எஞ்சின் எரிய வேண்டும். முறுக்கியதும் துள்ளும் வண்டிக்கோ 12.5, 13 போதும். கார்புரேட்டர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் விட்டு அந்தத் துள்ளலை வாங்கினார்கள். இப்போது அந்தச் சலுகை இல்லை. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு விகிதமே பதின்மூன்றரை அளவுக்கு இறங்குகிறது. அதை எதிர்பார்க்காத பழைய வண்டியில் கலவை இன்னும் வறண்டு போகும். இதற்கு மேல் காற்று ஃபில்டரைத் திறந்தவெளியாக்கி, சத்தத்துக்காக சைலன்சரையும் மாற்றுகிறவர்களுக்கு என்ன சொல்வது!

சைலன்சர் மாற்றும்போது கேஸ்கெட் சரியாக உட்காராமல் போவது தனிக் கதை. மெதுவான சுற்றில் புகை விட்டு விட்டுத் துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்து “பெட்ரோல் போதவில்லை” என்று சொல்ல, ஈசியு தேவையில்லாமல் கூட்டிக்கொண்டே போகும். சில வண்டிகளில் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் ஈசியு கற்றுவைத்த திருத்தங்கள் அழிந்து, வண்டி புதிது போல ஓடும். சில நாளில் திணறல் திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் ஈசியுவை மாற்ற எஸ்டிமேட் வாங்க வேண்டாம். அதற்குப் பொய்ச் சேதி சொல்வது எது என்று தேடினால் போதும். தேடலை அந்தக் கேஸ்கெட்டிலிருந்தே தொடங்கலாம்.