சாலையே அரங்கம்

விளையாட்டைக் காண விரும்புவோர் அதனை நாடிச் செல்வதே உலக வழக்கம். கால்பந்து, கிரிக்கெட்டு முதலிய ஆட்டங்கள் மதில் சூழ்ந்த அரங்குகளில் நடைபெறுகின்றன. வாயிலிற் கட்டணம் செலுத்தி உட்சென்று, குறித்த இருக்கையில் அமர்ந்து, ஆடுவோரைத் தொலைவிலிருந்து காண்கிறோம். ஆனால், காண்போரை நாடித் தானே வரும் விளையாட்டு ஒன்றும் உண்டு. அதற்கு மதில் இல்லை, வாயில் இல்லை, கட்டணமும் இல்லை. ஊர்ச் சாலையே அதன் அரங்கம். வீட்டுப் பலகணியும் வயல் வரப்பும் மலைச் சரிவும் காண்போர் அமரும் இருக்கைகள். அதுவே சாலை மிதிவண்டிப் பந்தயம்.

இத்தகைய பந்தயங்களுள் தலைசிறந்தது பிரான்சு நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் ‘டூர் டி பிரான்ஸ்’ என்பது. பிரான்சைச் சுற்றி வருதல் என்பது அத்தொடரின் பொருள். 1903ஆம் ஆண்டில் ‘லோட்டோ’ என்னும் விளையாட்டு நாளிதழ் இதனைத் தொடங்கிற்று. இதழின் விற்பனையைப் பெருக்குவதே அதன் நோக்கம். முதற் பந்தயத்தில் 60 பேர் புறப்பட்டனர். ஆறு கட்டங்களில் 2,428 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து, இறுதிவரை வந்து சேர்ந்தோர் 21 பேரே. அவர்களுள் முதல்வராக வந்தவர் மொரிஸ் காரன் என்பவர். அவர் இளமையில் புகைபோக்கிகளைத் துப்புரவு செய்யும் தொழில் செய்தவர்.

இரண்டு உலகப் போர்க் காலங்களில் தடைப்பட்டதன்றி, இப்பந்தயம் இடையறாது நடந்து வருகிறது. இக்காலத்தில் அது 21 கட்டங்களை உடையது. ஒரு நாளைக்கு ஒரு கட்டமாக, இடையிடையே ஓய்வு நாள் அமைய, மூன்று வாரங்களில் வீரர்கள் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் செல்கின்றனர். குழுவுக்கு எண்மராக இருபதுக்கு மேற்பட்ட குழுக்கள் கலந்துகொள்கின்றன. 2022ஆம் ஆண்டு முதல் மகளிர்க்கும் இதே பெயரில் தனிப்பந்தயம் நடத்தப்பெறுகிறது.

வெற்றியைக் கணக்கிடும் முறை எளியது. ஒவ்வொரு கட்டத்தையும் கடக்க ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவர். கூட்டுத்தொகை யாருக்கு மிகக் குறைவோ, அவரே அன்று முன்னணியில் நிற்பவர். அவர் மஞ்சள் நிறச் சட்டை அணிவார். இவ்வழக்கம் 1919ஆம் ஆண்டில் தோன்றியது. பந்தயத்தைத் தொடங்கிய நாளிதழ் மஞ்சள் நிறத் தாளில் அச்சிடப்பெற்று வந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. மலையேற்றத்தில் சிறந்தவருக்குச் செம்புள்ளிகள் இட்ட வெண்சட்டை உண்டு. கட்ட முடிவுகளிலும் இடையிலுள்ள எல்லைகளிலும் விரைந்து முந்தி மிகுதியான புள்ளிகள் பெற்றவருக்குப் பச்சைச் சட்டை உண்டு. ஆகவே, சாலையோரம் நிற்கும் சிறுவனும் சட்டையின் நிறத்தைக் கண்டே வீரர் இன்ன சிறப்புடையார் என அறிந்துகொள்வான்.

மூன்று வார உழைப்பின் முடிவு சில நொடிகளில் அமைதலும் உண்டு. 1989ஆம் ஆண்டின் இறுதி நாளன்று பிரான்சு நாட்டு வீரர் பின்யோன், அமெரிக்க வீரர் லெமாண்டைவிட 50 நொடிகள் முன்னணியில் இருந்தார். அன்று எஞ்சியிருந்த தொலைவு 24.5 கிலோமீட்டர்; ஒவ்வொருவரும் தனித்தனியே ஓட்ட வேண்டிய கட்டம் அது. அதனை லெமாண்டு 58 நொடிகள் குறைவாக எடுத்துக் கடந்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பந்தயத்தின் வெற்றி தோல்வி எட்டே நொடிகளில் முடிவாயிற்று.

இனி, ஆர்வலர் இப்பந்தயத்தைக் காணும் முறையைக் காண்போம். மலைக்கட்டம் நிகழும் நாளுக்கு முதல் நாளே பலர் மலையை அடைந்துவிடுவர். சரிவுகளிற் கூடாரம் அடித்துத் தங்குவர். தாம் விரும்பும் வீரர் பெயரைச் சாலையில் வண்ணத்தால் எழுதுவர். பாட்டனும் பேரனும் ஒருங்கே அமர்ந்து, கொண்டு வந்த உணவைப் பகிர்ந்துண்பர். பந்தயம் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாக விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வரும். 1930ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் இவ்வூர்வலத்திலிருந்து தொப்பியும் தின்பண்டமும் பிறவும் வீசப்படும். சிறுவர் அவற்றை ஓடி எடுப்பர். பின்னர்ச் சாலை அமைதியுறும். தொலைவில் ஹெலிகாப்டரின் ஒலி கேட்கும். காவலர் மோட்டார் சைக்கிள்கள் விரையும். ‘இதோ வருகிறார்கள்’ என்னும் குரல் எழும்.

சமவெளிச் சாலையாயின், அனைவரும் ஒரு நிமிடத்திற்குள் கடந்து போய்விடுவர். வண்ணமும் காற்றும் சக்கரங்களின் ஒலியும் ஒருங்கே வந்து மறையும். இச்சிறு பொழுதிற்காகவோ நாள் முழுதும் காத்திருந்தனர் எனப் புதியவர் வியப்பர். பந்தயத்தின் நுட்பம் அறிந்தவரோ அந்த ஒரு நிமிடத்தில் பலவற்றைக் கண்டுகொள்வர்.

அந்நுட்பத்திற்கு அடிப்படை காற்றே. விரைந்து செல்லும் வீரர் தம் ஆற்றலிற் பெரும்பகுதியைக் காற்றின் தடையை வெல்வதற்கே செலவிடுகிறார். முன் செல்பவர் காற்றைப் பிளந்து செல்ல, அவர்க்கு மிக அணித்தாகப் பின் வருபவர்க்குத் தடை குறைகிறது. அதனால் அவர்க்கு ஆற்றல் பெரிதும் மிச்சமாகிறது. வீரர்கள் ஒரு திரளாகச் செல்வதன் காரணம் இதுவே. தனித்து முன்னே பாய்ந்தவர் காற்றோடு தாமே போராட வேண்டும். திரளில் உள்ளோர் முன்னிடத்தை முறைமாற்றிக்கொண்டு அவரைத் துரத்துவர். ஒருவருடைய துணிவுக்கும் பலருடைய ஒற்றுமைக்கும் இடையே நிகழும் போட்டி இது.

இக்காரணத்தால், மிதிவண்டிப் பந்தயம் தனியொருவர் வெல்வதுபோலத் தோன்றினும், குழுவின் உழைப்பாலேயே வெல்லப்படுவது. ஒவ்வொரு குழுவிலும் தலைவர் ஒருவர் இருப்பார். பிறர் அவருக்கு முன்னே சென்று காற்றைத் தாங்குவர். பின்னே வரும் குழுவின் மோட்டார் வண்டியிலிருந்து நீர்ப் புட்டிகளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து கொடுப்பர். தலைவருடைய சக்கரம் பழுதுற்றால், தம் சக்கரத்தையே கழற்றித் தருதலும் உண்டு. இத்துணைவர்க்குப் பணியாளர் எனப் பொருள்படும் பெயர் பிரெஞ்சு மொழியில் வழங்குகிறது. இகழ்ச்சியாக எழுந்த அப்பெயர் நாளடைவில் மதிப்புக்குரியதாயிற்று.

1934ஆம் ஆண்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இதனை விளக்கும். ரெனே வியெத்தோ என்னும் இளைஞருக்கு அப்போது வயது இருபது. மலையேற்றத்தில் அவர் நிகரற்றவராய் விளங்கினார். அவருடைய குழுத்தலைவர் மஞ்சட் சட்டை அணிந்திருந்த அந்தோனேன் மாஞ் என்பவர். பிரனீசு மலையில் இறங்கும்போது மாஞ் வீழ்ந்து, அவருடைய முன்சக்கரம் உடைந்தது. வியெத்தோ தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மாஞ் விரைந்து சென்றார். வியெத்தோவோ வேறு சக்கரம் வரும்வரை சாலையோரக் கற்சுவரின்மேல் அமர்ந்து கண்ணீர் வடித்தார். மறுநாள் மாஞ்சின் வண்டி மீண்டும் பழுதுற்றது. முன்னே இறங்கிச் சென்றுகொண்டிருந்த வியெத்தோ, செய்தி அறிந்து வண்டியைத் திருப்பி, வந்த வழியே மேலேறிச் சென்று உதவினார். அவ்வாண்டு வெற்றி பெற்றவர் மாஞ். வியெத்தோ பெற்றது ஐந்தாம் இடம். அவர் இப்பந்தயத்தில் ஒருமுறையேனும் முதலிடம் பெற்றவரல்லர். எனினும், கற்சுவரின்மேல் அமர்ந்திருந்த அவ்விளைஞரின் நிழற்படம் பிரெஞ்சு மக்கள் உள்ளத்தில் நீங்காது பதிந்தது.

வெற்றியை மட்டுமே போற்றுவது இப்பந்தய ஆர்வலர் இயல்பன்று. ஜாக் ஆன்கெத்தில் என்பவர் ஐந்து முறை வென்ற பெருவீரர். அவர் காலத்தில் அவரோடு போட்டியிட்டவர் ரேமோன் பூலிதோர். பூலிதோர் மும்முறை இரண்டாம் இடமும் ஐம்முறை மூன்றாம் இடமும் பெற்றார்; மஞ்சட் சட்டையை ஒரு நாளேனும் அணிந்தாரல்லர். 1964ஆம் ஆண்டில் புய் தெ தோம் மலையில் இருவரும் தோளோடு தோள் உரசுமாறு ஏறிய காட்சி புகழ் பெற்றது. அவ்வாண்டும் 55 நொடி வேறுபாட்டில் ஆன்கெத்திலே வென்றார். ஆயினும், மக்கள் அன்பு பூலிதோர் பக்கமே நின்றது. 2019ஆம் ஆண்டில் அவர் மறையும்வரை அவ்வன்பு குறையவில்லை. கடைசி இடத்தில் வருபவர்க்கும் இப்பந்தயத்தில் ஒரு பெயர் உண்டு. தொடர்வண்டியின் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கின் பெயரே அவர்க்கு வழங்கும். முதல்வர் சென்று நெடுநேரம் கழிந்த பின்னரும் மக்கள் கலையாமல் நின்று, தள்ளாடி வரும் அவரையும் கைதட்டி வரவேற்பர்.

இத்துணைச் சிறப்புடைய அன்பும் அளவு கடந்தால் தீங்காகும். முடிவெல்லைக்கு அருகிலும் சில இடங்களிலுமே தடுப்பு வேலி உண்டு. பிற இடங்களில் வீரர்க்கும் மக்களுக்கும் இடையே ஒரு கை நீளமே இடைவெளி. 1904ஆம் ஆண்டிலேயே இதன் தீமை வெளிப்பட்டது. தம் ஊர் வீரர் முந்த வேண்டும் என எண்ணிய கூட்டத்தினர், செந்தெத்தியேன் நகரின் அருகே இரவில் வழிமறித்துக் காரன் முதலியோரைத் தாக்கினர். அவ்வாண்டுப் போட்டியாளர் சிலரும் நேர்மை தவறினர். முதல் நான்கு இடங்களைப் பெற்றோர் பின்னர் விலக்கப்பட்டு, பத்தொன்பது வயதினரான ஆன்றி கார்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். 1975ஆம் ஆண்டில், ஐந்து முறை வென்றிருந்த எடி மெர்க்ஸ் மலையேறும்போது, கூட்டத்தில் நின்ற ஒருவர் அவரது வயிற்றில் குத்தினார். மெர்க்ஸ் அவ்வாண்டு இரண்டாம் இடமே பெற்றார். 2021ஆம் ஆண்டின் முதல் நாளில் தீய எண்ணம் எதுவுமின்றியே கேடு நேர்ந்தது. எழுத்துப் பலகை ஒன்றை ஏந்திய ஒருவர், வீரர்கள் வரும் பக்கத்தைப் பாராது ஒளிப்படக் கருவியை நோக்கிச் சாலைக்குள் நின்றார். பலகையில் மோதி ஒருவர் வீழ, அவர்மேல் பலர் வீழ்ந்தனர். ஆண்டு முழுதும் செய்த பயிற்சி ஒரு கணத்தில் வீணாயிற்று.

மற்றொன்றும் அறிதற்குரியது. அன்பு கண்மூடிய அன்பாதல் கூடாது. லான்ஸ் ஆம்ஸ்டிராங் என்பவர் 1999 முதல் 2005 வரை ஏழு முறை வென்றதாகப் போற்றப்பட்டார். தடைசெய்யப்பட்ட ஊக்க மருந்துகளைப் பயன்படுத்தியமை உறுதிப்பட, 2012ஆம் ஆண்டில் அவ்வெற்றிகள் அனைத்தும் பறிக்கப்பட்டன. அவரை நம்பிச் சாலையோரம் காத்துநின்றவர் எத்துணையர்! அவர்கள் இழந்ததை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தர இயலாது. ஆதலின், வீரரிடம் நேர்மையை எதிர்பார்த்தலும், அது தவறியபோது உண்மையை ஏற்றலும் நல்ல ஆர்வலர்க்குக் கடமையாகும்.

பிற விளையாட்டுகளில் காண்போரை மதிலும் காவலும் கட்டுப்படுத்துகின்றன. இங்கே அவரவர் மனமே மதில். வீரர் வரும்போது ஓரடி பின்வாங்கி நிற்கும் சிறுவனும் அப்பந்தயத்தைக் காப்பவனே ஆவான். அவன் தன் அடக்கத்தைக் கைவிடும் நாளில் சாலையெங்கும் வேலி எழும். கட்டணமும் வாயிலும் வந்து சேரும். ஏழையும் செல்வரும் ஒருங்கே நின்று காணும் காட்சி அன்றோடு மறைந்துபோம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வாறு நேராமல் இருப்பதற்குக் காரணம், பெயர் தெரியாத பல்லாயிரவர் தத்தம் இடத்தில் ஒதுங்கி நின்றமையே. முன்சென்று காற்றைத் தாங்கும் துணைவரைப்போல அவர்களும் வெற்றிப் பட்டியலில் இடம்பெறாதவர்கள். அவர்கள் இல்லையேல் பந்தயமும் இல்லை.