வட்டிக் கணக்கும் வளர்ந்தோர் கல்வியும்

"எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிக்கொள்வதில் நம்மவர் பலருக்கு வெட்கமே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாததை மறைக்க முயல்வோர்கூடக் கணக்கறியாமையை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கின்றனர். நம்மால் அவர்களோடு சேர்ந்து சிரிக்க இயலவில்லை. கடன் தாளில் கையொப்பமிட்டுவிட்டு, அதன் பின்னரே அதன் பொருள் யாதெனக் கேட்க வரும் குடும்பங்களை நாம் அடிக்கடி காண்கிறோம். அவர்களுக்குத் தேவைப்பட்டது உயர்கணிதம் அன்று. ஐந்தாம் வகுப்பில் கற்று மறந்த கூட்டலும் பெருக்கலுமே.

வயது வந்தபின் மூளையில் கணக்கு ஏறாது என்பது வீண் அச்சம். பிரேசில் நாட்டின் ரெசீஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர் ஐவரைச் சில அறிஞர்கள் ஆராய்ந்து, 1985-இல் முடிவுகளை வெளியிட்டனர். விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் அச்சிறுவர் 98 விழுக்காடு சரியாக விடை கூறினர். அதே வகைக் கணக்குகளைப் பள்ளிமுறையில் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடே சரியாயின. தேங்காய் ஒன்று 35 எனில் பத்துக்கு என்ன விலை என்று கேட்டபோது, ஒரு சிறுவன் மூன்றுக்கு 105, ஆறுக்கு 210, ஒன்பதுக்கு 315 என ஏறிச் சென்று 350 என்றான். நம் சந்தைகளில் பூ விற்கும் தாய்மாரும் இவ்வாறுதான் கணக்கிடுகின்றனர். 1957 ஏப்ரல் முதல் நாளில் 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசாவாக மாறியது. பள்ளி வாசலையே மிதியாத நம் பாட்டிமாரும் அம்மாற்றத்தைக் கடைத்தெருவிலேயே கற்றுக்கொண்டார்கள் அல்லவா?

ஆகவே, அறிவு உண்டு; அதை வட்டியின்பால் திருப்பவேண்டியதே பாக்கி. "நூற்றுக்கு இரண்டு வட்டிதான்" என்று ஒருவர் சொன்னால் அது ஒரு மாதத்திற்கு. பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 24 விழுக்காடு ஆகிவிடும். இது எளிது. தவணைக் கடனில்தான் கண்ணி உள்ளது.

12,000 ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 12 விழுக்காடு, பன்னிரண்டு தவணை எனக் கொள்வோம். வட்டி 1,440 என்றும், மாதம் 1,120 கட்டுக என்றும் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கிறது. ஆனால் மாதந்தோறும் அசலில் ஆயிரத்தைத் திருப்பித் தருகிறோமே! முதல் மாதம் நம் கையில் இருந்தது 12,000. அடுத்த மாதம் 11,000. கடைசி மாதத்தில் வெறும் 1,000. இப்பன்னிரண்டு நிலுவைகளையும் கூட்டினால் 78,000 வரும். மாதம் நூற்றுக்கு ஒன்று வீதம் அதற்கு வட்டி 780 ரூபாயே. திருப்பித் தந்துவிட்ட பணத்திற்கும் ஆண்டு முழுதும் வட்டி கட்டியதால்தான் 1,440 ஆயிற்று. பன்னிரண்டு என்று சொல்லப்பட்ட வட்டி உண்மையில் 21 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது.

தண்டல் கடன் இதனினும் கொடிது. பத்தாயிரம் என எழுதி, முதலிலேயே 1,500 பிடித்துக்கொண்டு, 8,500-ஐக் கையில் தருவர். நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டவேண்டும். "பதினைந்து விழுக்காடுதானே" என எண்ணுவது இயல்பு. கைக்கு வராத பணத்திற்கு வட்டி ஏது? 1,500-ஐ 8,500-க்குத்தான் ஒப்பிடவேண்டும். அது 17 விழுக்காட்டுக்கு மேல். அதுவும் நூறு நாளைக்கே. நாள்தோறும் கட்டிவருவதால், சராசரியாக நம்மிடம் தங்குவது 8,500-இல் ஏறத்தாழப் பாதிதான். இவ்வனைத்தையும் சேர்த்து ஓராண்டுக்குக் கணக்கிட்டால் வட்டி நூறு விழுக்காட்டையும் கடந்து நிற்கும். காலையில் காய்கறிக் கூடையோடு புறப்படும் பெண்மணியின் உழைப்பு எங்கே போகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

ஆடித் தள்ளுபடி பற்றி ஒரு சொல். இருபது விழுக்காடு கழிவு, அதன்மேல் மேலும் பத்து என்றால் முப்பது அன்று. ஆயிரம் ரூபாய்ச் சேலை 800 ஆகி, பின் 720 ஆகும். கழிவு 28 விழுக்காடே.

கற்கத் தொடங்குவோர் பள்ளி நூலைத் தேடவேண்டியதில்லை. பால் கணக்கு, மின் கட்டணச் சீட்டு, நகைக் கடன் சீட்டு ஆகியவை போதும். இரவு உணவுக்குப்பின் கால் மணி நேரம், மகனோ மகளோ அருகிலிருக்க, ஒரு கணக்கை வாய்விட்டுப் போட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் பெற்றோரைத் திருத்துவதில் தனி மகிழ்ச்சி கொள்வர். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்!

மற்றொன்று. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபருக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு, கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு விழுக்காட்டைக் காட்டும் விவரத்தாள் ஒன்றை, கடன் பெறுவோர் அறிந்த மொழியில் தரவேண்டும். கையொப்பத்திற்கு முன் அத்தாளைக் கேட்டு வாங்குங்கள். தண்டல்காரர் எந்தத் தாளும் தரமாட்டார். அங்கே மேற்சொன்ன நிலுவைக் கணக்கை நாமே போட்டுக்கொள்ளவேண்டும்.

இன்றிரவே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய் நகைக் கடன், நூற்றுக்கு மாதம் ஒன்றரை, எட்டு மாதம் கழித்து மீட்கிறோம். வட்டி எவ்வளவு? 6,000 என விடை வந்தால், அடுத்து உங்கள் வீட்டுச் சீட்டையே எடுத்துக்கொள்ளலாம்.