கணவர் பெயர் கேட்கும் தாய்ப்படிவம்

யுத்தமும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என நீளும் அம்பாறைக் கரையோரத்தில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை விட்டுச் சென்றன. அவர்களைப் பதியும் சிறு மென்பொருள் ஒன்றை விஷுவல் பேசிக் டொட் நெட்டில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, ‘சேமி’ பொத்தான் எல்லாவற்றையும் ஒரு தாய்ப்படிவத்தில் வரைந்துவிட்டால், கடன் படிவம், உலருணவுப் படிவம், புலமைப்பரிசில் படிவம் என எத்தனை பிள்ளைப்படிவங்களையும் அதிலிருந்து பெறலாம். இதுதான் மரபுரிமை. விஷுவல் பேசிக் 6 இல் இந்த வசதி இல்லை. 2002 இல் டொட் நெட்டுடன் வந்தது. ஆனால் சொத்தோடு கடனும் சேர்ந்தே வரும்.

தாய்ப்படிவம் ‘கணவர் பெயர்’ இல்லாமல் சேமிக்காது. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களுக்காக ஒரு பிள்ளைப்படிவம் செய்து, அதில் அந்தக் கட்டத்தை மறைத்துவிடுகிறார்கள். திரையில் கட்டம் இல்லை. ஆனாலும் ‘சேமி’யை அழுத்தினால் “கணவர் பெயர் தேவை” என்று மறுக்கிறது. வரிசை நீள்கிறது. பதிபவர் பழைய படிவத்துக்கே திரும்பி, ‘இறந்தவர்’ என்று போட்டு அனுப்பிவிடுகிறார். மரணச் சான்றிதழை ஏற்க மறுத்த குடும்பங்களுக்குக் காணாமல் போனமைக்கான சான்றிதழ் வழங்க 2016 இல் சட்டமே திருத்தப்பட்ட நாடு இது.

கட்டத்தை மறைப்பது தோற்றத்தை மட்டுமே மாற்றும். பரிசோதனை தாயிடம் இருக்கிறது. அதைத் தனிச் செயற்பாடாகப் பிரித்து, தாயில் ‘ஓவர்ரைடபிள்’ என்றும் பிள்ளையில் ‘ஓவர்ரைட்ஸ்’ என்றும் அறிவிக்க வேண்டும். இரண்டாவது சொல் விடுபட்டால் கணினி பிழை காட்டாது, ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். புதிய செயற்பாடு பழையதை மறைக்குமே தவிர மாற்றாது. தாயின் பொத்தான் தாயின் பரிசோதனையையே அழைக்கும். எச்சரிக்கைகளைப் படிக்காமல் கடந்துபோகிறவர்கள் நாட்கணக்காகத் தடுமாறுவது இங்கேதான்.

பிள்ளையில் ‘சேமி’க்கு இன்னொரு கிளிக் நிகழ்வை எழுதுவதும் தீர்வல்ல. இரண்டும் ஓடும்; ஒரே குடும்பம் இருமுறை பதிவாகலாம்.

பிள்ளைப்படிவம் டிசைனரில் திறக்கவே மறுத்தாலும் தாயைத்தான் பாருங்கள். பிள்ளையைக் காட்ட, டிசைனர் தாய்ப்படிவத்தை உண்மையிலேயே உருவாக்குகிறது. அது உருவாகும்போதே தரவுத்தளத்தைத் தேடினால், தரவுத்தளம் இல்லாத கணினியில் படிவம் திறக்காது. தாயை ‘மஸ்ட்இன்ஹெரிட்’ என்று அறிவித்திருந்தாலும், உள்ளீடு எதுவும் கேட்காத கட்டமைப்பி அதில் இல்லாவிட்டாலும் இதே கதிதான். தாயைத் திருத்தியதும் செயற்றிட்டத்தை ஒருமுறை ‘பில்ட்’ செய்த பிறகே பிள்ளையைத் திறக்க வேண்டும்.

நிரல் சரியானாலும், ஏற்கெனவே ‘இறந்தவர்’ என்று பதியப்பட்டவை தாமாக மாறா. அப்பதிவுகளைத் தேடியெடுத்து, அந்தப் பெண்களிடமே மீண்டும் கேட்டுத் திருத்த வேண்டும்.