இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன்

ஆரம்பப் பள்ளிகளில் டிராயிங் பீரியடு என்றால் இன்றும் பல இடங்களில் ஒரே படம்தான். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை மரம். ஆசிரியை கரும்பலகையில் வரைவார். வகுப்பு முழுவதும் அதைப் பார்த்து வரையும். யாருடைய மலை கரும்பலகை மலையைப் போல இருக்கிறதோ அவருக்கு 'குட்'.

தாராவியில் பிறந்து வளரும் பிள்ளை இரண்டு மலைக்கு நடுவே சூரியன் உதிப்பதை எங்கே கண்டான்? அவன் கண்டது குழாயடி வரிசை, கும்பார்வாடாவில் வெயிலில் காயும் பானைகள், விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பும் இட்லிப் பாத்திரம், மாஹிம் பக்கம் ஓடும் லோக்கல் வண்டி. இவற்றில் ஒன்றாவது அவனுடைய டிராயிங் நோட்டில் உண்டா என்று புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இருக்காது.

அந்த ஒரு பீரியடும் பரீட்சை நெருங்கினால் கணக்குக்குப் போய்விடும். இதற்கு ஆசிரியைகளை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஓவியத்துக்கென்று பகுதிநேரப் பயிற்றுநரைச் சொல்வது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்து வரை, தமிழ், கணக்கு, ஓவியம் எல்லாவற்றுக்கும் வகுப்பு ஆசிரியைதான். "எனக்கே வரைய வராது, நான் என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று அவர் கேட்டால் அதில் தவறில்லை. ஆனால் அந்த வயதில் சொல்லிக் கொடுப்பதைவிடக் கெடுக்காமல் இருப்பதுதான் பெரிய வேலை.

குழந்தையின் கைக்கு ஒரு வழி உண்டு. இரண்டு வயதில் வெறும் கிறுக்கல். நான்கு வயது வாக்கில் ஒரு வட்டம், அதிலிருந்தே இரண்டு கால்கள், அதுதான் அம்மா. உடம்பு பிறகுதான் வரும். ஐந்து, ஆறு வயதில் தாளின் அடியில் ஒரு கோடு தரையாகும், மேலே ஒரு நீலப் பட்டை வானமாகும், இடையில் இருப்பது வெறும் காற்று. ரயிலை வரைந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் சுவர் வழியே தெரிவார்கள். தனக்கு முக்கியமானவரைப் பெரிதாக வரைவதால் அண்ணன் வீட்டைவிட உயரமாக நிற்பான். உலகில் எந்த ஊர்க் குழந்தையும் ஏறக்குறைய இப்படித்தான் வரைகிறது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களின் கண்ணுக்குத் தப்பாகப் படும் இவை அந்தந்த வயதின் கணக்குப்படி சரியானவை. அழிரப்பரை எடுத்துக் கொடுத்து "ஒழுங்காகப் போடு" என்று சொல்லும்போதுதான் தொல்லை ஆரம்பமாகிறது.

ஒன்பது, பத்து வயதில் குழந்தைக்கே தன் படத்தின் மேல் சந்தேகம் வந்துவிடும். நிஜம் போல வரவில்லையே என்று குமைவான். அதுவரை கரும்பலகையைப் பார்த்தே வரைந்தவனுக்குத் தன் கண்ணை நம்பிய பழக்கம் கிடையாது. "எனக்கு டிராயிங் வராது" என்று பென்சிலைக் கீழே வைப்பவன் பிறகு எடுப்பது அபூர்வம். ஆயுள் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு திரியும் பெரியவர்கள் எத்தனை பேர்!

இதற்கு மாற்று வழியைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. டில்லிக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் போனவர்கள் நாகபுரிக்கு முன்னால் சேவாகிராம் நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். முன்பு வார்தா கிழக்கு என்ற பெயரில் இருந்த நிலையம் அது. 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம் உருவானபோது, நூற்பு, நெசவோடு சித்திரமும் பாடமாகச் சேர்ந்தது. சேவாகிராமில் அக்கல்விப் பணியை முன்னின்று நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம், அவருடைய துணைவியார் ஆஷா தேவியுடன். நம்மவர்களில் பலர் அறியாத பெயர். சாந்திநிகேதனில் ஓவியம் பயின்ற தேவி பிரசாத் 1944-இல் அங்கே ஓவிய ஆசிரியராகச் சேர்ந்து 1962 வரை இருந்தார். அவர் மண்பாண்டக் கலைஞரும்கூட. கிராமத்துப் பிள்ளைகளோடு இருந்த அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். எல்லோரையும் ஓவியர்களாக்குவது அவர் நோக்கமல்ல. கலையே கல்விக்கு அடிப்படை என்றார். 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாடத்திட்ட வரைவும் பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கப் பரிந்துரைத்தது. தாளில் இருப்பது வகுப்பறைக்கு வந்து சேர நேரமாகும் போலும்.

வெளிமாநிலத் தமிழ்க் குழந்தைக்கு இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ. முதல் வகுப்பில் மாதக்கணக்கில் வாயைத் திறக்காத பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, "நேற்று மழையில் உங்கள் சந்தில் என்ன நடந்தது?" என்று கேட்டால் போதும். முழங்கால் தண்ணீரும் மிதக்கும் செருப்பும் கட்டில் மேல் ஏற்றிய அடுப்பும் தாளில் வந்துவிடும். பிறகு அதைக் காட்டித் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் பேசத் தொடங்கும்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். அடுப்புக்கரி, செங்கல் துண்டு, இலைச்சாறு எல்லாம் எழுதும். மஞ்சள் கரைசலில் பெரியவர்கள் ஒரு துளி சுண்ணாம்பு விட்டால் சிவந்துவிடும். ஆரத்தி எடுக்கும் வீட்டில் இதைத் தெரியாதவர் இல்லை. தாணே, பால்கர் பக்கத்து வார்லி மக்கள் செங்காவி பூசிய சுவரில் அரிசி மாவுக் கரைசலால் வட்டம், முக்கோணம், சதுரம் கொண்டே ஊரையும் ஆட்டத்தையும் வரைந்துவிடுகிறார்கள். கல்யாணச் சடங்காகப் பெண்கள் வரைந்துவந்ததைத் தினசரிக் கலையாக்கிய ஜீவ்யா சோமா மாஷே 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார். அரிசி மாவு நமக்கும் புதிதல்ல. புள்ளி வைத்துக் கோலம் போடும் ஏழு வயதுப் பெண்ணிடம் எண்ணிக்கையும் சமச்சீரும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அதை ஓவிய வகுப்புக்குள் கொண்டுவர நினைக்கும் ஆசிரியைகள்தான் குறைவு.

எலிமென்டரி, இன்டர்மீடியட் என்று மகாராஷ்டிர அரசு நடத்தும் ஓவியத் தேர்வுகளுக்குச் சில பெற்றோர் ஆறு வயதிலேயே 'கிளாஸ்' தேடுகிறார்கள். அவை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கானவை. சின்னப் பிள்ளைக்கு அந்த அவசரம் தேவையில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது சொற்பம். ஆபீஸில் கழித்துப் போடும் அச்சுத் தாளின் மறுபக்கம், அனுமதி கேட்டு எடுத்து வந்தால், ஒரு மாதத்துக்கு ஆகும். பிள்ளை படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் "இது என்ன?" என்று கேட்பதைவிட "இதில் என்ன நடக்கிறது, சொல்லு" என்று கேட்டால் பதில் நீளும். மரம் நீலமாக இருந்தாலும் திருத்த வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் சுவர் கிடைக்காவிட்டால், பின்னால் தேதியை எழுதிப் பாயின் அடியில் போட்டு வைக்கலாம். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், தலையிலிருந்து முளைத்த கால்களுக்கு மேலே ஓர் உடம்பு வந்திருக்கும்.