ஃபோங்க் பாட்டில் அந்த 'ஸ்ஸ்ஸ்' இரைச்சல் எங்கிருந்து வந்தது? மெம்பிஸ் ஹாரர்கோர் கேசட்டுகளின் கதை

ராத்திரி நேரம், சுங்கை காடுட் கொமுட்டர் நிலையம் பக்கம் ஒரு கார் கடந்து போகிறது. பேஸ் அதிர்கிறது. மேலே மாட்டு மணி மாதிரி ஒரு தட்டல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். டிக்டாக்கில் நீங்கள் கேட்கும் அதே ஃபோங்க்தான். ஆனா இந்தச் சத்தத்துக்கு வயது முப்பதுக்கு மேல். பிறந்த ஊர் அமெரிக்காவின் மெம்பிஸ்.

1990களின் தொடக்கத்தில் அங்கிருந்த இளைஞர்கள் பலருக்கு ஸ்டூடியோ வாடகை கட்டுப்படியாகவில்லை. நான்கு தடங்களில் பதியும் கேசட் ரெக்கார்டர், ஒரு டிரம் மெஷின், ஒரு மைக், அவ்வளவுதான். திகில் பட இசை போன்ற ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் கொலை, பேய், நரகம் என்று ராப் செய்தார்கள். இந்த வகைக்குப் பெயர் ஹாரர்கோர். பதிந்த கேசட்டுகளைக் கார் பூட்டில் வைத்தே விற்றார்கள்.

சரி, அந்த இருட்டு எப்படி வந்தது?

கேசட் டேப் நொடிக்கு சுமார் 4.76 செ.மீ. வேகத்தில் ஓடும் மெல்லிய நாடா. நான்கு தடங்களும் போதாவிட்டால், முதல் மூன்றையும் கலந்து நான்காவதில் பதிவார்கள். காலியான மூன்றில் புதிதாகப் பாடுவார்கள். ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், கூர்மையான ஒலிகள் மங்கும். அப்புறம் நகல், நகலின் நகல். காசில்லாத குறைதான் அது, ஸ்டைல் இல்லை. இன்றைக்கு அதே இரைச்சலை மென்பொருளாக விலை கொடுத்து வாங்குகிறோம்!

இந்தக் கேசட் உலகத்திலிருந்து வந்த த்ரீ சிக்ஸ் மாஃபியா, 1995இல் 'மிஸ்டிக் ஸ்டைல்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டது. 2006இல் ஒரு திரைப்பாடலுக்கு ஆஸ்கரும் வாங்கியது. அதே 2006இல்தான் இங்கே யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' வந்தது. யோகி பி இருந்த போயட்டிக் அம்மோ 1998லேயே ஆல்பம் போட்டுவிட்டது. இவற்றை ஹாரர்கோர் என்று சொன்னால் தப்பு. ஆனா மலேசியத் தமிழ் ராப் வளரத் தொடங்கியதும் கேசட் காலத்தில்தான்.

மெம்பிஸ் கேசட்டுகள் பலவற்றை நாம் இன்று கேட்க முடிவதற்குக் காரணம், சேகரிப்பாளர்கள் அவற்றை டிஜிட்டலாக மாற்றியது. நம்ம வீட்டு அலமாரியில் கிடக்கும் தோட்டத் திருவிழாப் பதிவுக்கும், தாத்தா குரலுக்கும் அதைச் செய்ய வெளியாள் யாரும் வரப்போவதில்லை. நெகிரி செம்பிலானின் ஈரப்பதத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். காந்தத் துகளை ஒட்டி வைத்திருக்கும் பசையும் இளகும்.

அப்படி ஒன்று கிடைத்தால் உடனே பிளேயரில் போடாதீங்க. வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் தனியாக எடுத்து வையுங்கள். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பரவும். சுத்தமாக இருந்தால், மேல் விளிம்பிலுள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். தெரியாமல் ரெக்கார்ட் பட்டனைத் தட்டினாலும் பழைய பதிவு அழியாது. பிறகு பிளேயரைக் கணினியோடு இணைத்து, எம்பி3யாக இல்லாமல் வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சலை நீக்க வேண்டுமானால் நகலில் செய்யுங்கள், முதல் கோப்பில் கை வைக்காதீங்க.